குதிரைச் சவாரி சிகிச்சை: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிய வருபவை

உடல் அசைவில் சிக்கல் உள்ள குழந்தைகளைக் குதிரையில் உட்கார வைத்து நடத்தும் இந்தச் சிகிச்சையில் வேலை செய்வது குதிரையின் நடைதான். குழந்தை சவாரி கற்றுக்கொள்வதெல்லாம் அதற்குப் பிறகு. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைகிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி என்ற கணக்கில் வரும் அந்த அசைவு, தானாக நடக்க முடியாத குழந்தையின் இடுப்புக்கும் முதுகுக்கும் நடையின் தாளத்தைக் கொடுக்கிறது. ஆகவே ஒரு மையத்துக்குப் போனால் முதலில் குதிரையை நடக்கவிட்டுப் பாருங்கள்.

பெருமூளை வாதத்தால் (மூளைப் பாதிப்பால் தசைகள் கட்டுக்குள் வராத நிலை) தொடை இறுகிப்போன குழந்தைக்கு அகல முதுகுக் குதிரை ஆகாது. கால் விரியாமல் இடுப்பு பின்னால் சாயும், முதுகு கூன் போடும். ஒடுங்கிய முதுகு, நீளமாகவும் சீராகவும் விழும் அடி, இவை இரண்டும் இருந்தால் இறுக்கம் தளரும். குட்டையான, துரிதமான அடி தசை தளர்ந்த குழந்தைகளுக்கு நல்லது. இறுக்கம் உள்ளவர்களுக்கு அதே நடை இறுக்கத்தைக் கூட்டிவிடும். எல்லாரையும் ஒரே குதிரையில் ஏற்றும் இடத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஏற்றுவதற்கு முன் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இடுப்பு மூட்டு நழுவியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும். டவுன் சிண்ட்ரோம் இருந்தால் கழுத்தின் மேல் எலும்புகள் உறுதியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கட்டுக்குள் வராத வலிப்பு, எளிதில் முறியும் எலும்பு, ஆறாத படுக்கைப் புண் இருந்தால் வேண்டாம்.

ஆரம்பத்தில் சேணத்தைவிடக் கைப்பிடிப் பட்டை வைத்த மெத்தை விரிப்பே மேல். குதிரையின் சூடும் அசைவும் நேராகக் குழந்தைக்குப் போய்ச் சேரும். அங்கவடியையும் (பாதம் வைக்கும் வளையம்) அவசரப்பட்டு மாட்ட வேண்டாம். பாதத்தின் முன்பகுதி அழுந்தினால் சில குழந்தைகளுக்குக் கால் விறைத்து நீண்டுவிடும். விரிப்பைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டும் பட்டையை, குழந்தையை ஏற்றும் முன் ஒருமுறை, சில நிமிடம் நடந்தபின் மறுமுறை இறுக்கிப் பாருங்கள். கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. பிறகு பட்டை தளர்ந்து, விரிப்பு ஒரு பக்கம் சரியும். குழந்தையைக் குதிரையோடு சேர்த்துக் கட்டவே கூடாது. குதிரை விழுந்தால் குழந்தை அடியில் சிக்கிவிடும். தலை நிற்காத குழந்தைக்கு ஹெல்மெட்டின் எடையே பாரம். இலேசானதாகப் பாருங்கள்.

குதிரையைப் பிடித்து நடத்த ஒருவர், இரு பக்கமும் ஒவ்வொருவர். பக்கத்தில் நடப்பவர் முன்கையைத் தொடைமேல் குறுக்கே வைத்துப் பிடிக்க வேண்டும். இடுப்பைத் தூக்கித் தாங்கினால் உடல் தானாக நிமிர முயற்சியே செய்யாது. கை சோர்ந்தால் குதிரையை நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆள் மாறலாம்.

20 முதல் 30 நிமிடம் போதும். பலனில் பெரும்பகுதி நின்று நின்று புறப்படுவதில் இருக்கிறது. குதிரை நிற்கும்போது உடல் முன்னே சாயும், கிளம்பும்போது பின்னே போகும். அதைச் சரிசெய்ய வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் இயங்கியாக வேண்டும். பெரிய வட்டமும் வளைந்து வளைந்து போகும் பாதையும் பக்கவாட்டுச் சமநிலையைப் பழக்கும். முகவாய் மார்பில் இறங்கினாலோ, கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்தாலோ, ஒரே பக்கம் சரிந்துகொண்டே போனாலோ உடனே இறக்கிவிடுங்கள். அதற்குமேல் ஓட்டினால் தவறான உட்காரும் முறைதான் பழக்கமாகும்.

தொடை இளகுவது அன்றைக்கே தெரியும். உடை மாற்றும்போது கால் எளிதில் விரியும். ஆனால் சில மணி நேரத்தில் பழையபடி இறுகிவிடும். உட்காரும் சமநிலை மாதக்கணக்கில் மெதுவாக வரும். நடக்க வைப்போம் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். வழக்கமான பிசியோதெரபியை இதற்காக நிறுத்தவும் கூடாது.

குழந்தை வளர வளர இன்னொரு சிக்கல் வரும். ஏறுபவரும் சாமான்களும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலான கணக்கு. சமநிலை இல்லாமல் உட்காருபவருக்கு அதையும் குறைத்தே வைக்க வேண்டும். பட்டை கட்டும்போது குதிரை காதைப் பின்னால் மடக்கினாலோ, கடிக்கத் திரும்பினாலோ அதற்கு முதுகு வலி இருக்கலாம். அன்று அந்தக் குதிரைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். சாய்தள மேடை இல்லாத இடத்தில் பெரிய பிள்ளையைத் தூக்கி ஏற்றச் சம்மதிக்காதீர்கள். அவசரத்தில் எந்தப் பக்கம், யார், எப்படி இறக்குவார்கள் என்பதைப் பிள்ளை ஏறும் முன்பே ஒத்திகை பார்த்துக் காட்டச் சொல்லுங்கள்.