வயிறு ஒட்டலையா? டம்மி டக், ஸ்கோலா, மெஷ், எது யாருக்கு?

ரெண்டாவது புள்ளைக்கு மூணு வயசாகுது, இன்னமும் தங்கச்சிமடத்துல பஸ் ஏறினா யாராவது எந்திரிச்சு சீட்டு குடுக்குறாங்க, எத்தன மாசம்மான்னு வேற கேக்குறாங்க. மொதல்ல கோவமா வந்துச்சு, இப்பல்லாம் ஆறு மாசம்னு சொல்லிட்டு உக்காந்துக்குறேன்.

இது தொப்பை இல்லங்க. வயித்து நடுவுல மேலருந்து கீழ ஓடுற ரெண்டு தசையும் கர்ப்பத்துல விலகி, நடுவுல இருக்குற ஜவ்வு இழுபட்டு மெலிஞ்சு அப்படியே நின்னுபோச்சு, டயஸ்டாசிஸ் ரெக்டைன்னு பேரு. மல்லாக்கப் படுத்து முழங்கால மடக்கி தலைய மட்டும் தூக்கிப் பாருங்க, தொப்புளுக்கு மேல வள்ளத்தக் கவுத்துப் போட்ட மாதிரி ஒரு முகடு எந்திரிச்சா அதான். 2 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருந்தா கணக்குல வரும், எனக்கு ஸ்கேன்ல நாலரை. இதக் கண்டுபிடிக்கவே ரெண்டு வருசம், ஏன்னா நான் மொதல்ல போன டாக்டர் வயித்துல கையே வைக்கல, நடங்க, சோத்தக் கொறைங்கன்னு அனுப்பி வச்சுட்டாரு.

ஃபிசியோ பத்தி ரெண்டே வரி. கத்திக்கு முன்னாடி குறைஞ்சது ஆறு மாசம் முறையா பயிற்சி செஞ்சு பாக்கணும், ஐரோப்பாவுல குடலிறக்க (ஹெர்னியா) சர்ஜன்கள் சங்கம் 2021ல போட்ட வழிகாட்டுதல்லயும் சர்ஜரிக்கு முன்னாடி ஃபிசியோ பாக்கலாம்னு இருக்கு. நான் எட்டு மாசம் செஞ்சேன், முதுகு வலி பாதி குறைஞ்சுச்சு, இடைவெளி மட்டும் அசையல.

சரி, சர்ஜரி. விசாரிக்கப் போனா எல்லாரும் தழும்பு எவ்ளோ நீளம்ங்கிறதுலதான் ஆரம்பிக்கிறாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அது தப்பு. பாக்க வேண்டியது மூணே விசயம்: தோல் தொங்குதா, தொப்புள்ல குடலிறக்கம் இருக்கா, ஆறு வாரத்துக்கு வீட்டுல குடம் தூக்க ஆள் இருக்கா. இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சுட்டா பாதி குழப்பம் போயிரும்.

டம்மி டக்ங்கிறது பழைய ராஜபாட்டை. அடிவயித்துல இந்த இடுப்புலருந்து அந்த இடுப்பு வரைக்கும் ஒரே வெட்டு, தோலையும் கொழுப்பையும் மேல நெஞ்செலும்பு வரைக்கும் தூக்கிட்டு, விலகுன தசை ரெண்டையும் நடுக்கோட்டுக்கு இழுத்து மேலருந்து கீழ தையல் போடுவாங்க, அப்புறம் மிச்சமாத் தொங்குற தோல வெட்டி எடுத்துட்டு தொப்புளுக்குப் புது இடத்துல ஓட்டை போட்டு வெளிய கொண்டு வந்து தைப்பாங்க. சிசேரியன் தழும்பு இருக்குறவங்களுக்கு பெரும்பாலும் அதையும் சேத்தே வெட்டி எடுத்துரலாம், புதுத் தழும்பு பாவாட நாடாவுக்கு கீழதான் வரும். ஆனா ஒண்ணு, மொத வாரம் நிமிந்து நடக்க முடியாது, அப்பத்தா மாதிரி குனிஞ்சுதான் போகணும், உள்ள கோக்குற தண்ணி வடிய ரெண்டு பக்கமும் ட்யூப் தொங்கும், தொப்புளுக்கு கீழ தோல் மரத்துப்போய் கெடக்கும், சில பேருக்கு அது முழுசா திரும்பாது. கால்ல ரத்தம் கட்டுற ஆபத்தும் இதுல இருக்கு, அதனால வலிச்சாலும் மறுநாளே நடக்க வச்சுருவாங்க.

ஸ்கோலாங்கிறது இப்ப எல்லாரும் கேக்குற ஐட்டம். அடிவயித்துல மூணு சின்ன ஓட்டை, கேமரா உள்ள போகும், கேஸ் அடிச்சு தோலுக்கும் தசைக்கும் நடுவுல வழி உண்டாக்கி உள்ளுக்குள்ளயே தைச்சுட்டு வந்துருவாங்க. நல்லா கவனிங்க, உள்ள நடக்குற தையல் கிட்டத்தட்ட அதேதான், தோலையும் அதே அளவுக்குப் பிரிக்கத்தான் செய்றாங்க, வெளிய தெரியாது அவ்வளவுதான். அப்படிப் பிரிச்ச இடத்துல தண்ணி கோக்கும், செரோமாங்கிறாங்க, இதுல அடிக்கடி வர்ற தொந்தரவு அதுதான். கீழக்கரை லாத்தா ஒருத்தவங்க, என் கூட காலேஜ்ல படிச்சவங்க, இத மெட்ராஸ்ல பண்ணிக்கிட்டாங்க. நாலு நாள்ல வீட்டுக்குள்ள நல்லா நடந்துட்டாங்க, ஆனா ட்யூப் எடுத்த அப்புறம் தண்ணி கோத்து மூணு தடவ ஊசி போட்டு உறிஞ்ச வேண்டியதாப் போச்சு. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவா இருந்தா ஊசி ஒரு பெரிய விசயமே இல்ல, நம்ம மதுரைக்கே நாலு மணி நேரம் போகணும், போக வர ஒரு நாள் காலி.

அதவிட பெரிய விசயம், ஸ்கோலாவுல தோல வெட்ட மாட்டாங்க. லாத்தாவுக்கு ஒரே புள்ள, ஒல்லி உடம்பு, தோல் தானா சுருங்கிருச்சு, அவங்களுக்கு அது கச்சிதம். எனக்கு குனிஞ்சா தோல் துணிப்பை மாதிரி தொங்குது, வெயில் காலத்துல அந்த மடிப்புல வேர்வை நின்னு புண்ணாகுது. எனக்கு ஸ்கோலா பண்ணா உள்ள தசை சேந்திருக்கும், வெளிய பை அப்படியே தொங்கும். இதத் தெரிஞ்சே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எனக்கு ஸ்கோலாவயே கீஹோல் பேக்கேஜ்னு எழுதிக் குடுத்தாங்க, தோல் என்ன ஆகும்னு கேட்டா காலப்போக்குல சரியாயிரும்மான்னு ஒரு சிரிப்பு. இந்த மூணு வருசம் காலம் இல்லையாம்.

இப்ப மெஷ், அதாவது வயித்துக்குள்ள வைக்கிற வலை. இதுக்கு என் மதினி கதையச் சொன்னாத்தான் சரியா வரும். அவுக பாம்பன் பக்கம் கடப்பாசி எடுக்குறவுக, விரலுக்குத் துணி சுத்திக்கிட்டு கண்ணாடி மாட்டி முங்கி முங்கி பாறையில பிச்சு எடுக்கணும், ஈரப் பாசி சாக்க கரை வரைக்கும் இழுக்கணும். மூணு சுகப்பிரசவம், இடைவெளியும் உண்டு, தொப்புள்ல கோலிக்குண்டு சைசுல குடலிறக்கமும் உண்டு. வெறும் பிளவுன்னா, அதாவது தசை மட்டும் விலகியிருந்தா, அதுல ஓட்டை கெடையாது, குடல் மாட்டிக்கும்ங்கிற பயம் வேணாம். குடலிறக்கம் அப்படி இல்ல, நெசமாவே ஓட்டை, குடல் சிக்குனா அவசர ஆபரேசன்தான். மொதல்ல பாத்த சர்ஜன் ஓட்டைய மட்டும் நாலு தையல் போட்டு மூடிரலாம்னாரு, செலவும் கம்மி. ஆனா சுத்தி இருக்குற ஜவ்வே மெலிஞ்சு கெடக்கும்போது அதுலயே தையலப் போட்டா திரும்பப் பிச்சுக்குற வாய்ப்பு ஜாஸ்தி, நைஞ்ச வலையில ஒட்டுப் போட்ட மாதிரி. அதனால ரெண்டாவதா பாத்தவரு ஈ-டெப் சொன்னாரு: கேமரா விடுற சின்ன ஓட்டைங்க வழியாவே, தசைக்குப் பின்னாடி வழி பண்ணி, பிளவையும் குடலிறக்கத்தையும் சேத்து மூடி, பின்னால ஒரு பெரிய வலைய விரிச்சு விடுறது. வலைன்னா பெரும்பாலும் பாலிப்ராப்பிலீன், நம்ம படகுல கட்டுற கயிறு இருக்கே, அதே ஜாதி பிளாஸ்டிக்தான். மதினிகிட்ட இதச் சொன்னதும், அப்ப உப்புத்தண்ணிக்கு ஒண்ணும் ஆகாதுல்லன்னு கேட்டாக.

ஈ-டெப்புக்கு கை பழகுன சர்ஜன் வேணும், நேரம் ஜாஸ்தி புடிக்கும், முழு மயக்கம் குடுக்கணும், வலையில கிருமி புகுந்தா அத எடுக்குறது பெரிய பாடு. குடலிறக்கம் இல்லாத என்ன மாதிரி ஆளுக்கு வலை அவசியமான்னு கேட்டா எனக்கு இல்லைன்னுதான் தோணுது. ஸ்வீடன்ல 2016ல வெளியான ஒரு ஆராய்ச்சியில வலை வச்சவங்களையும் ரெட்டைத் தையல் மட்டும் போட்டவங்களையும் ஒரு வருசம் கழிச்சுப் பாத்தப்ப பிளவு திரும்புற விசயத்துல பெரிய வித்தியாசமே தெரியல. மதினிக்கு வேற கணக்கு, குடலிறக்கமும் இருக்கு, சாக்கும் இழுக்கணும்.

காசு விசயத்துல ஒரு அநியாயம் இருக்கு. குடலிறக்கம்னு எழுதுனா நோய், இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ண வழி இருக்கு. வெறும் பிளவு, தோல் தொங்குதுன்னா அழகு சிகிச்சைன்னு ஒதுக்கிருவாங்க, பாலிசியிலயே அந்த விலக்கு அச்சடிச்சுதான் இருக்கும். குடம் தூக்குனா முதுகு ஒடியுறவளுக்கு அழகாம். அதனால அட்மிசனுக்கு முன்னாடியே ஸ்கேன் ரிப்போர்ட்ட வச்சு எழுத்துல அப்ரூவல் வாங்கிருங்க, மதினிக்கு அப்படித்தான் கிடைச்சுச்சு, எனக்கு கிடைக்கல, சீட்டுப் பணம்தான்.

எதப் பண்ணாலும் இன்னொரு புள்ள வேணும்னா பொறுத்துக்கங்க, திரும்ப கர்ப்பமானா தையல் விட்டுப்போகலாம். பால் குடி மறந்து, எடை ஒரு நிலையில நின்ன பிறகுதான் போகணும். தும்முனா ஒண்ணுக்கு கசியுதுன்னு இதுக்குப் போகாதீங்க, அது இடுப்புத்தள தசை சமாச்சாரம், வயித்தத் தைச்சா அது கண்டிப்பா நிக்கும்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க.

நான் டம்மி டக்தான். தேதிய மீன்புடி தடைக்காலத்துல வச்சிருக்கேன், ஏப்ரல் 15லருந்து 61 நாளைக்கு விசைப்படகு ஓடாது, எங்க வீட்டுக்காரரு கரையில இருப்பாக, ஆறு வாரம் குடமும் கேஸ் சிலிண்டரும் சின்னவனும் அவுக பாடு. ஒரே சங்கடம், அக்னி நட்சத்திர வெயில்ல ராப்பகலா இறுக்கமான பெல்ட்டு போட்டுக்கிட்டு கெடக்கணும். லாத்தா சொன்னாங்கன்னு ரெண்டு பெல்ட்டு சொல்லி வச்சிருக்கேன், ஒண்ணு மேல, ஒண்ணு கொடியில. அதப் பாத்துட்டு எங்க அத்தை, பிள்ளை பெத்த அன்னைக்கே துணிய இறுக்கிக் கட்டச் சொன்னேன்ல, கேட்டியாடின்னு ஆரம்பிச்சுட்டாக. துணி கட்டுனா தசை சேராது அத்தைன்னு சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் சும்மா இருந்துட்டேன், ஆறு வாரம் எனக்குச் சோறு போடப்போறது அவுகதான்.