எச்சரிக்கை: மண்டபத்தில் ரத்தம் எடுத்து ‘ஈரல் போச்சு’ என்று சொல்பவர்கள்

மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்கள் கவனத்துக்கு. மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ‘60 வெள்ளிக்கு (ரிங்கிட்) 40 வகை ரத்தப் பரிசோதனை’ என்று தமிழில் நோட்டீஸ் ஒட்டி ஒரு கூட்டம் சுற்றுகிறது. என் சித்தி இவர்களிடம் 1,280 வெள்ளியைப் பறிகொடுத்தார். பணம் போனதைவிட மோசமான காரியம் ஒன்றும் நடந்தது.

சித்தி பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். கொழுப்புக்கு அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை எடுக்கிறார். ரிப்போர்ட் வந்ததும் இவர்கள் போன் போட்டு, “பழைய ரிப்போர்ட் இருந்தா கையோட கொண்டு வாங்கம்மா, ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்றோம்” என்றார்களாம். அந்தப் பழைய தாள்தான் அவர்களுக்கு வேண்டியது.

பழைய தாளில் ஏ.எல்.டி என்ற ஈரல் என்சைம் 38. பக்கத்தில் ‘55க்குள் இருக்க வேண்டும்’. புதிய தாளில் 39. பக்கத்தில் ‘33க்குள்’, கூடவே சிவப்பில் ஒரு ‘எச்’, அதாவது ‘ஹை’, எல்லைக்கு மேல். சட்டையில் கம்பெனி சின்னம் குத்திய பையன் அதைப் பேனாவால் வட்டமிட்டு, “போன வருஷம் நல்லா இருந்த ஈரல் இப்ப எல்லையைத் தாண்டிடுச்சும்மா. எல்லாம் அந்தக் கொழுப்பு மாத்திரை பண்ற வேலை. அதை நிறுத்திட்டு இந்தப் பவுடரை மூணு மாசம் குடிங்க” என்றிருக்கிறான். சித்தி மாத்திரையை நிறுத்திவிட்டார், வீட்டில் யாரிடமும் சொல்லாமல்.

நன்றாகக் கவனியுங்கள். 38, 39 ஆனது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் 55 என்ற கோடு 33க்கு இறங்கியதால் வந்த கலவரம்.

அரசாங்கக் கிளினிக் டாக்டரம்மா இரண்டு தாளையும் பார்த்த உடனே கேட்டது ஒன்றுதான்: “ரெண்டும் ஒரே லேப்பா ஆண்ட்டி?” இல்லை. அங்கேயே கதை முடிந்துவிட்டது.

லேபுக்கு லேப் மெஷின் வேறு, அதில் ஊற்றும் மருந்து வேறு. ஏ.எல்.டி பார்க்கும்போது சில கம்பெனியின் மருந்தில் வைட்டமின் பி6 சார்ந்த ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. சேர்த்தால் அதே ரத்தம் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். சில லேப் ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே எல்லை வைக்கும். சில லேப் பெண்களுக்குத் தனியாக, குறைவாக வைக்கும். சித்தியின் இரண்டு தாளும் அப்படித்தான். ஒரு லேபின் எண்ணை அந்த லேபின் எல்லையோடுதான் பார்க்க வேண்டும். இது அந்தப் பையனுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவனுக்குப் பாடம் எடுத்து அனுப்பியவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

அந்த எல்லை எப்படி வருகிறது என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டபோதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமமே எனக்குப் புரிந்தது. ஆரோக்கியமானவர்கள் குறைந்தது 120 பேரிடம் ரத்தம் எடுத்து, நடுவில் விழும் 95 விழுக்காட்டை ‘நார்மல்’ என்று வைப்பதுதான் வழக்கமான முறை. மேலே இரண்டரை, கீழே இரண்டரை விழுக்காடு வெளியே போகும். அவர்களும் நோயில்லாதவர்களே! ஆக எந்தச் சோதனையிலும் 20 நல்ல ஆட்களில் ஒருவருக்குச் சிவப்பு விழும். சோதனைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக் கணக்குப் போட்டால், 20 சோதனை செய்தால் நோயே இல்லாத 100 பேரில் 64 பேருக்கு ஏதாவது ஒன்றாவது சிவப்பாகும். 40 சோதனை என்றால் 87 பேருக்கு. 60 வெள்ளிக்கு ஏன் 40 சோதனையை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறதா? கிட்டத்தட்ட வருகிறவர் எல்லாருக்கும் பவுடர் விற்கலாம்.

இதைப் படித்துவிட்டு எல்லாச் சிவப்பையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சர்க்கரை அப்படியில்லை. வெறும் வயிற்றில் 7.0 என்பது லேப் தன் வசதிக்கு வைத்த கோடு இல்லை, நோயை முடிவு செய்ய மருத்துவர்கள் வகுத்தது. எந்த லேபில் எடுத்தாலும் அதைத் தொட்டாலோ தாண்டினாலோ கிளினிக்குக்குப் போங்கள். (தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் ‘எனக்கு 130’ என்றால் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அங்கே அளக்கும் அலகு வேறு, நம் 7.2ஐ 18ஆல் பெருக்கினால் அதே 130தான்.)

மாத்திரை விஷயம். சித்திக்கு இருக்கும் ஏ.எல்.டிக்கு அதை நிறுத்த ஒரு காரணமும் இல்லையாம். எல்லையைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் அதைப் பற்றி யோசிப்பார்களாம். நெஞ்சுவலிக் குடும்பம் எங்களுடையது. வெள்ளைக் கோட்டுகூடப் போடாத ஒருவன் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறான் என்பதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பவுடர் டப்பாவில் ‘எம்.ஏ.எல்’ எண் இருக்கிறதே, சுகாதார அமைச்சே ஒப்புக்கொண்டதுதானே என்று நம்மிடமே மடக்கினார்கள். அது பொருள் பதிவாகியிருக்கிறது என்பதற்கான எண். ஈரலைக் குணமாக்கும் என்று அமைச்சு கொடுத்த உத்தரவாதம் இல்லை.

பணத்தைக் கேட்டதற்கு ‘சீல் உடைத்தாச்சு’ என்று கையை விரித்துவிட்டார்கள். திரிபியூனல் பெங்குனாவில், அதாவது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், மனு போட்டிருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். இவர்களிடம் வாங்கியவர்கள் பில்லையும் இரண்டு ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். மாத்திரையை நிறுத்தியவர்கள் நாளைக் காலையே கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டார்கள்.