20 லீற்றரில் எவ்வளவு தூரம்: பழைய அக்குவாவின் 14 மாதக் கணக்கு

14 மாதம், 16,400 கிலோமீற்றர், 812 லீற்றர் பெற்றோல். 2013ஆம் ஆண்டில் செய்த ரொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார் (பெற்றோல் எஞ்சினும் பற்றறி மோட்டரும் சேர்ந்து ஓட்டுவது) ஒன்றை 65 இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய நாளிலிருந்து காருக்குள் ஒரு சின்னக் கொப்பி வைத்து, பெற்றோல் அடித்த ஒவ்வொரு முறையும் எழுதி வருகிறேன். அக்குவா வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் லீற்றருக்கு 25 ஓடும், 26 ஓடும் என்பார்கள். 2011 டிசம்பரில் ஜப்பானில் இந்தக் கார் வந்தபோது பரிசோதனைக் கணக்கில் 35.4 என்றே போட்டார்கள். என் கொப்பி சொல்வது 20. சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் திருகோணமலையில் ஓட்ட முடியாது, அதோடு என் ஓட்டத்தில் பாதி உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பள்ளிக்கூடத்துக்குப் போகவர உள்ள குட்டி ஓட்டம். எஞ்சின் சூடாகிச் சற்று நேரத்திலேயே பள்ளிக்கூடம் வந்துவிடும். நெடுந்தூரம் போனால் மட்டும் 23 வருகிறது.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஒரு பழைய ஃபிளெக்ஸ் ஃபியூவல் கார் வைத்திருக்கிறான். பெற்றோலும் ஊற்றலாம், 85 வீதம் வரை எதனோல் கலந்த எண்ணெயும் ஊற்றலாம். அந்தக் கலவை லீற்றருக்கு மலிவு என்று முதல் வருடம் சந்தோஷமாக அடித்தானாம், பிறகுதான் தாங்கி சீக்கிரம் காலியாவதைக் கவனித்திருக்கிறான். எதனோலில் அதே ஒரு லீற்றருக்குப் பெற்றோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே விலையில் கிடைத்த மிச்சம் தூரத்தில் போய்விடும். லீற்றர் விலையைப் பார்க்காதே, ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை ரூபாய் என்று பார் என்று அவன் சொன்னதால்தான் இந்தக் கொப்பியே வந்தது. இங்கே பெற்றோல் செட்டில் எதனோல் கிடையாது, 92 அல்லது 95 ஒக்ரேன் பெற்றோல்தான். அக்குவாவுக்கு 92 தாராளமாகப் போதும். ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் அது. 95 அடித்தால் கூடுதல் தூரம் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், காசு வீண்.

சரி, கணக்குக்கு வருகிறேன். பெற்றோல் விலை கூடிக் குறைந்தாலும் எனக்குச் சராசரியாக லீற்றர் 300 ரூபாய், அதாவது கிலோமீற்றருக்கு 15. எஞ்சின் ஒயில், ஃபில்டர், கூலி எல்லாமாக 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை 17,500, அது மூன்றரை ரூபாய். நாலு ரயர் 96,000, அவை 40,000 கிலோமீற்றர் உழைக்கும் என்று வைத்தால் 2 ரூபாய் 40 சதம். முழு இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, வருடாந்த லைசன்ஸ் மூன்றும் சேர்ந்து வருடத்துக்கு 1,06,000, நான் வருடத்தில் ஓடுவது 14,000 என்பதால் அது ஏழரை. கடைசியாக ஹைபிரிட் பற்றறி. மீளக்கட்டிய பற்றறி போட 1,80,000 கேட்டார்கள். அது 60,000 கிலோமீற்றர் போனால் கிலோமீற்றருக்கு 3 ரூபாய். அந்த 3 ரூபாயை நான் மாதாமாதம் தனி வங்கிப் புத்தகத்தில் போட்டு வருகிறேன், இப்போது 49,200 சேர்ந்திருக்கிறது. எல்லாம் கூட்டினால் 31 ரூபாய்க்குச் சற்று மேல். பெற்றோல் அதில் பாதிதான்! மற்றப் பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வாங்குவதற்கு முன் மூன்று கார் பார்த்தோம். முதலாவது ஒரு தரகர் கொண்டுவந்தது, மீற்றர் 78,000 காட்டியது, ஆனால் பிரேக் பெடலின் றப்பர் கண்ணாடி போல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, மீற்றரைக் குறைத்திருப்பார்கள் என்று நினைத்தோம். அப்படியே திரும்பி வந்துவிட்டோம். இரண்டாவது இங்கேயே கடற்கரையோரமாக நின்ற கார், மேலே பார்த்தால் புதுப் பெண் போல மினுங்கியது. அக்குவாவில் பற்றறி பின்சீற்றுக்குக் கீழே இருக்கிறது, அதைக் குளிர்விக்கும் காற்றுப் போவதற்குப் பக்கத்தில் ஒரு சல்லடை மூடி உண்டு. எங்கள் மெக்கானிக் அதைக் கழற்றிக் கையில் தந்தார். சாம்பல் நிறத் தும்பு மெத்தை போல ஒட்டியிருந்தது, தட்டினால் கடல்மணல் கொட்டியது. இந்தச் சல்லடை அடைத்தால் பற்றறி தன் சூட்டிலேயே வெந்துபோகும், பிறகு எத்தனை தடவை சேர்விஸ் பண்ணியும் பலனில்லை. ஸ்கானரைப் போட்டு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது பற்றறிக்குள் இருக்கும் மொடியூல்களில் (சிறு பற்றறித் துண்டுகளில்) ஒன்றின் வோல்ற்றேஜ் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கியது. கீழே படுத்துப் பார்த்தால் பின் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் துரு அடை அடையாகப் பெயர்ந்து நின்றது. கடலோர ஊர்க்காரர் எல்லோருக்கும் சொல்கிறேன், பெயின்ற்றைப் பார்க்காதீர்கள், ஒரு சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுங்கள்.

மூன்றாவது கடலுக்குத் தூரமான மாத்தளையிலிருந்து வந்தது. அதைத்தான் வாங்கினேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சல்லடையை நானே பெயின்ற் பிரஷால் துடைக்கிறேன், மழைக்காலம் முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். குறையென்றால், வண்டி தாழ்வு. எங்கள் ஒழுங்கையின் மேட்டில் நாலு பேர் ஏறினால் அடி உரசுகிறது.

இனி எனக்கே கசந்த கணக்கு ஒன்று. இதற்கு முன் நிசான் சன்னி வைத்திருந்தேன், லீற்றருக்கு 11 ஓடும், பெற்றோல் மட்டும் கிலோமீற்றருக்கு 27 ரூபாய். அதை 38 இலட்சத்துக்கு விற்று மேலே 27 இலட்சம் போட்டேன். வருடத்தில் பெற்றோலில் மிஞ்சுவது 1,68,000, அப்படியென்றால் போட்ட 27 இலட்சம் திரும்பி வர 16 வருடம் வேண்டும், பற்றறிக்கு ஒதுக்குவதைக் கழித்தால் இன்னும் கூட. பெற்றோல் மிச்சத்துக்காக மட்டும் நன்றாக ஓடுகிற காரை விற்று ஹைபிரிட் வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். நான் வாங்கியது வேறு காரணத்துக்கு.

2022 ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் லீற்றர் 470 ஆனது. அடுத்த மாதம், தட்டுப்பாட்டால் பெற்றோலை அளந்து கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு அம்மாவைக் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகம ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குக் கூட்டிப்போக வழியில்லாமல் நின்றோம். சன்னிக்கு 20 லீற்றர் என்றால் 220 கிலோமீற்றர், குருநாகலைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் நின்றுவிடும். பக்கத்து வீட்டு மாமா தன் காரிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி, போத்தலில் நாலு லீற்றர் தந்தார். அவர் வாயில் பெற்றோல் போய்த் துப்பியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அக்குவாவுக்கு அதே 20 லீற்றர் 400 கிலோமீற்றருக்கு மேல்.

போன மாதமும் மகரகம போனோம். விடிய மூன்று மணிக்கு திருகோணமலை மட்கோ என்ற இடத்துச் செட்டில் தாங்கி நிறைய அடித்தேன், 36 லீற்றர் கொள்ளும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியே போய் அன்றிரவே திரும்பினோம், போகவர 540 கிலோமீற்றர். அம்மா பின்சீற்றில் கால் நீட்டிப் படுத்து வந்தா. வீட்டு வாசலில் நிறுத்தியபோது பெற்றோல் முள்ளுக்குப் பதிலாகக் காட்டும் கோடுகளில் இன்னும் மூன்று எரிந்துகொண்டிருந்தன.