பெருமிதமா, செருக்கா?

பதவி உயர்வு வந்தால் தலை நிமிரலாமா, அடக்கி வாசிக்க வேண்டுமா என்று சிங்கப்பூர்த் தேக்காவில் தேநீர் குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டார். நிமிரலாம் தம்பி, எந்தப் பெருமை என்பதுதான் கேள்வி. உளவியலாளர்கள் ஜெசிகா டிரேசியும் ரிச்சர்ட் ராபின்ஸும் 2007இல் பெருமையைப் பெருமிதம், செருக்கு என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்.

வேர்
பெருமிதம்: ‘ராத்திரி கண் விழிச்சுப் படிச்சேன், கிடைச்சது.’
செருக்கு: ‘நான் பிறவியிலேயே இப்படி.’

மரியாதை
பெருமிதம்: கற்றுக்கொள்ள வருவார்கள்.
செருக்கு: பயந்து வழிவிடுவார்கள்.

சறுக்கினால்
பெருமிதம்: எங்கே விட்டோம் என்று பார்க்கும். உழைப்பைக் கூட்டுவது நம் கையில்தானே இருக்கிறது.
செருக்கு: அடி ‘நான்’ மேலேயே விழுவதால் கோபமும் பழியும் வரும். என் பழைய மேற்பார்வையாளர் ஒருவர், தவறைச் சொன்னால் ஃபைலைப் பட்டென்று மூடிவிட்டு எழுந்து போவார். ஆறே மாதத்தில் நாங்கள் எதையும் அவரிடம் சொல்வதை நிறுத்திவிட்டோம். எனக்கு இன்னும் வருத்தம்தான், திறமைசாலி.

ஒரு கூட்டத்தில் சட்டென்று அதிகாரம் பிடிக்கச் செருக்கு உதவலாம். ஒரே தொழிலில் இருபது வருடம் வளர வேண்டுமா? பெருமிதம்தான். பிள்ளை பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவோடு வரும்போதும், ‘நீ கெட்டிக்காரன்’ என்பதைவிட, ‘அந்தப் பின்னக் கணக்கை விடாமப் போட்டியே’ என்று சொல்லுங்கள்.