வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் ரிவியூ: மனை வாங்கி விக்கிற சின்ன ஆளுங்களுக்கு

முதல்லயே சொல்லிடறேன், இது பெரிய பில்டருக்கோ ஏக்கர் கணக்குல லேஅவுட் போடறவங்களுக்கோ எழுதுற ரிவியூ இல்ல. சேத்து வச்ச காசுல ஒரு மனை ரெண்டு மனைன்னு வாங்கிப் போட்டு, இல்லைன்னா பழைய ஓட்டு வீடு ஒண்ணு சகாயமா வந்தா அதை வாங்கி சரி பண்ணி, நல்ல விலை வரும்போது குடுக்கிற என்னை மாதிரி ஆளுங்களுக்கு. திருச்சியில இருக்கேன், நம்ம ஏரியா மணிகண்டம், நாகமங்கலம், மாத்தூர் பக்கம். நமக்கெல்லாம் விளம்பரத்துக்குன்னு தனியா பட்ஜெட் கிடையாது. பேப்பர்ல வரி விளம்பரம், பிட் நோட்டீஸ், வெப்சைட்ல பெய்டு பேக்கேஜ்னு எல்லாம் பாத்தாச்சு. ஒரு வெப்சைட்ல (பேர் வேணாம்) காசு கட்டி பேக்கேஜ் எடுத்தோம், வந்த போன்ல முக்காவாசி "சார் உங்க இடத்தை நாங்க வித்துத் தர்றோம்"னு புரோக்கர் போன்தான், வாங்குறவங்க போன் தேடி எடுக்கணும். அதனால இப்ப எல்லாத்துக்கும் நடுவுல நான் வச்சிருக்கிறது வாட்ஸ்அப் பிசினஸ் ஆப். ஆப் ஃப்ரீதான். அஞ்சுக்கு நாலு மார்க் குடுப்பேன், அந்த ஒரு மார்க் ஏன் போச்சுன்னும் கீழ சொல்றேன்.

தெரியாதவங்களுக்கு: இது நாம தினமும் யூஸ் பண்ற பச்சை வாட்ஸ்அப் இல்ல, அதே மெட்டா கம்பெனியோட தனி ஆப், 2018-ல வந்தது. ஒரே போன்ல ரெண்டையும் வச்சுக்கலாம், ஆனா ரெண்டுக்கும் வேற வேற நம்பர் வேணும். ஒரு புது சிம் வாங்கி இதுக்குன்னு ஒதுக்கிடுங்க, சொந்தக்காரங்க கல்யாண போட்டோவும் குட் மார்னிங்கும் வர்ற நம்பர்ல வியாபாரம் பண்ணா யார் எந்த இடத்துக்கு கேட்டாங்கன்னு ரெண்டாவது வாரமே குழம்பிடும். லேண்ட்லைன் நம்பர்லயும் ஆரம்பிக்கலாம், ஓடிபியை போன் கால்ல சொல்லும்.

இதுல நம்ம வேலைக்கு உயிரே கேட்டலாக்தான். துணிக்கடை, நகைக்கடைக்காரங்கதான் நிறைய யூஸ் பண்றாங்க, நிலத்துக்கு இவ்வளவு அழகா செட் ஆகும்னு நம்ம ஆளுங்க பலபேர் யோசிக்கவே இல்ல. ஒவ்வொரு மனையும் ஒரு ஐட்டம், போட்டோ, விலை, விவரம், ஒரு லிங்க். ஐநூறு ஐட்டம் வரைக்கும் போடலாம், நமக்கு கை விரல் அளவுக்குத்தான் இருக்கும் அது வேற விஷயம். ஆனா அதுல என்ன போடறீங்கங்கிறதுதான் எல்லாமே. பொதுவா நம்ம ஊர் விளம்பரம் எப்படி இருக்கும், "பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில், சுவையான குடிநீர், முழு லோன் வசதி, உடனடி கிரயம்". இதைப் படிச்சு ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது, எல்லா மனைக்கும் இதேதான் போட்டிருக்கும். வாங்க வர்றவர் மனசுல ஓடுறது வேற, இவன் ஏமாத்துவானா, பட்டா யார் பேர்ல இருக்கு, வில்லங்கம் இருக்கா, மழை பேஞ்சா தண்ணி நிக்குமா. அந்த பயத்துக்குத்தான் நான் கேட்டலாக்ல பதில் போடறேன்.

நான் போடற ஒரு ஐட்டம் எப்படி இருக்கும்னா, மொத போட்டோ நாலு மூலை கல்லும் தெரியிற மாதிரி, ரெண்டாவது ரோட்டுல நின்னு எடுத்தது, ரோடு எத்தனை அடின்னு டேப் வச்சு காட்டி, மூணாவது ஐப்பசி மழை விட்ட மறுநாள் அதே இடத்துல எடுத்தது. இந்த மூணாவது போட்டோதான் ஆளை இழுக்குது சத்தியமா. ஒரு மனையில ஓரத்துல கொஞ்சம் தண்ணி தேங்கி இருந்துச்சு, அதையும் அப்படியே போட்டேன், "ஒரு அடி மண்ணு ஏத்தணும், விலை அதுக்கு தகுந்த மாதிரிதான் வச்சிருக்கு"ன்னு எழுதி. அந்த மனைக்கு கேட்டு வந்தவங்க யாரும் அதைச் சொல்லி விலையைக் குறைக்கல, ஏன்னா நான்தான் முன்னாடியே சொல்லிட்டேனே. கீழ விவரத்துல சதுர அடி, எத்தனை சென்ட் (ஒரு சென்ட் 435.6 சதுர அடி, இதுல அரை சென்ட் அடிச்சு பேசறவங்க இருக்காங்க அதனால ரெண்டையும் போடுங்க), திசை, கிராமம் பேர், சர்வே நம்பர், உட்பிரிவு, அப்ரூவல் நம்பர்.

ஆமா, சர்வே நம்பரை வெளியில போடறேன். இதுக்குத்தான் எங்க ஏரியாவுல எல்லாரும் என்னைத் திட்டுவாங்க, "சர்வே நம்பர் குடுத்தா கஸ்டமர் நேரா ஓனர்கிட்ட போயிடுவான்"னு. புரோக்கருக்கு அந்த பயம் நியாயம், அவர் பிழைப்பு அது. ஆனா நாம சொந்தமா வாங்கிப் போட்டவங்க, நாமதானே ஓனர், நமக்கு என்ன பயம்? சர்வே நம்பர் கையில இருந்தா அவர் வீட்டுல உக்காந்தே தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் தளத்துல பட்டாவும் புலப்படமும் (இடத்தோட அளவு வரைபடம்) பாத்துக்கலாம், பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல லாகின் பண்ணி வில்லங்கத்தை ஃப்ரீயா பாத்துக்கலாம், வழிகாட்டி மதிப்பும் (அந்த இடத்துக்கு அரசு வச்சிருக்கிற மதிப்பு) அங்கயே இருக்கு. நான் பத்திர ஜெராக்ஸ் காட்டி நம்ப வைக்கிறதை விட அவரே கவர்மென்ட் சைட்ல பாத்தா நம்பிக்கை எத்தனை மடங்கு. எல்லாத்தையும் பாத்துட்டு அப்புறம் போன் பண்றவர் பாதி முடிவு எடுத்துட்டுத்தான் பேசறார். ஒரு விஷயம் மட்டும் கவனமா இருங்க, பத்திர காப்பி, ஆதார், கையெழுத்து இருக்கற பக்கம் இதெல்லாம் கேட்டலாக்லயோ ஸ்டேட்டஸ்லயோ போடவே கூடாது, அதை வச்சு என்ன வேணா பண்ணுவாங்க. நேர்ல வந்து இடம் பிடிச்சவங்களுக்கு வக்கீல் பாக்கறதுக்கு மட்டும் குடுங்க.

தூரம் சொல்றதுலயும் அப்படித்தான். பஞ்சப்பூர்ல புது பஸ் ஸ்டாண்ட் 2025-ல திறந்ததுல இருந்து இந்தப் பக்கம் இருக்கற எல்லா மனையும் "பஞ்சப்பூர் 5 நிமிடம்" ஆகிடுச்சு, எங்கயோ உள்ள கிராமத்துல இருக்கற மனைக்கு கூட. நான் என்ன பண்றேன்னா பஸ் ஸ்டாண்ட் வாசல்ல இருந்து மச்சானை வண்டி ஓட்டச் சொல்லி பின்னாடி உக்காந்து ஒரே ஷாட்ல வீடியோ எடுப்பேன், மனைக்கு வந்து இறங்குற வரைக்கும் கட் கிடையாது, நடுவுல சிக்னல்ல நின்னாலும் நிக்கட்டும். எடிட்டிங் இல்ல, பாட்டு இல்ல, ட்ரோன் இல்ல, பெட்ரோல் காசு மட்டும்தான். லொகேஷன் கேக்கறவங்களுக்கு அந்த வீடியோதான் அனுப்பறேன். துபாய்ல இருக்கற ஒருத்தர் அந்த வீடியோவைப் பாத்துட்டு "நடுவுல வர்ற அந்த பாலம் மழையில மூழ்குமா"ன்னு கேட்டார், அந்த அளவுக்கு உன்னிப்பா பாக்கறாங்க.

அடுத்து குவிக் ரிப்ளை. ஒரே கேள்வியைத்தான் எல்லாரும் கேப்பாங்க, அதுக்கான பதிலை ஒருதடவை அடிச்சு சேவ் பண்ணி வச்சுட்டா சாய்வு கோடு போட்டு ரெண்டு எழுத்து தட்டினா வந்துடும், ஐம்பது வரைக்கும் சேவ் பண்ணலாம். என்னோடதுல ஒண்ணு அப்ரூவல் பத்தி. 2016 செப்டம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட் அன்அப்ரூவ்டு மனைகளை பதிவு பண்ணக் கூடாதுன்னு உத்தரவு போட்டதுல இருந்து மக்களுக்கு அந்த பயம் போகல, அப்புறம் 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி போட்ட மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் (அப்ரூவல் இல்லாத மனையை முறைப்படுத்திக்கிற திட்டம்) வந்துச்சு. என் மனை டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டா, இல்ல வரன்முறை பண்ணதா, நம்பர் என்னன்னு தெளிவா அந்த பதில்ல இருக்கும். இன்னொண்ணு பத்திரச் செலவு. விலையை மட்டும் சொல்லிட்டு கடைசி நேரத்துல பத்திரச் செலவைச் சொன்னா ஆள் மிரண்டு ஓடிடுவார், அதனால முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 சதவீதம்னு அவர் பாக்கற மனைக்கு எவ்வளவு ரூபாய் வரும்னு கணக்கு போட்டே அனுப்பிடறேன். பெண்கள் பேர்ல வாங்கினா 10 லட்சம் வரைக்கும் மதிப்புள்ள சொத்துக்கு பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைச்சிருக்காங்க, 2025 ஏப்ரல் 1-ல இருந்து. இதை கேட்டலாக்லயே தனி வரியா போட்டிருக்கேன், சின்ன மனை பாக்கறவங்க வீட்டுல "அப்ப உன் பேர்லயே வாங்கிடலாம்மா"ன்னு பேச்சு ஆரம்பிக்குது, எனக்கு அதுல ஒரு சந்தோஷம்.

லேபிள் வசதியும் இருக்கு, இருபது லேபிள் வரைக்கும் வைக்கலாம். இடம் பாத்தவங்க, பேங்க் லோன் வேணும்கிறவங்க, வெளிநாடு, புரோக்கர் இப்படி பிரிச்சு வச்சிருக்கேன், அவ்வளவுதான்.

வெளிநாடுன்னதும் ஒண்ணு சொல்லணும். திருச்சி ஏர்போர்ட்ல இருந்து சிங்கப்பூர், துபாய்னு போய் சம்பாதிக்கிற ஆளுங்கதான் இங்க நிலம் வாங்குறதுல பெரிய பங்கு. அவங்களுக்கு ஸ்டேட்டஸ்தான் சரி. வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து போனை எடுக்கிற நேரம் பாத்து போடுங்க, 24 மணி நேரம்தான் இருக்கும். ஆனா என்ஆர்ஐ ஆளுங்க விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது, ஃபெமாங்கிற அந்நியச் செலாவணி சட்டத்துல இடமில்ல, வீட்டு மனையும் கடையும் வாங்கலாம். அதனால புஞ்சை நிலம் எதாவது கையில இருந்தா "என்ஆர்ஐ வாங்க முடியாது"ன்னு முதல் வரியிலேயே போட்டுடுங்க, அவர் அட்வான்ஸ் அனுப்பின பிறகு தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் மனக்கஷ்டம்.

இப்ப ஆஃப்லைன்ல இருந்து ஆளை எப்படி இதுக்குள்ள கொண்டு வர்றது. ஆப்லயே உங்க நம்பருக்கு ஒரு க்யூஆர் கோடு தரும், ஸ்கேன் பண்ணா நேரா சாட் திறக்கும். அதை சின்ன ஸ்டிக்கரா பிரிண்ட் போட்டுக்கிட்டேன். எங்க ஒட்டலாம்னா, சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் பக்கத்துல இருக்கற ஜெராக்ஸ் கடை, பத்திர எழுத்தர் டேபிள், மனைக்குப் போற வழியில இருக்கற டீக்கடை, சிமெண்ட் ஜல்லி கடை. கேட்டுட்டுத்தான் ஒட்டணும், டீக்கடைக்காரருக்கு ஒரு காலண்டர் அடிச்சுக் குடுத்தா வருஷம் பூரா அதுவே தொங்கும். நம்ம மனையிலேயே ஒரு சின்ன தகர போர்டு, அதுல சதுர அடி, அப்ரூவல் நம்பர், க்யூஆர். அந்த வழியா வாக்கிங் போறவங்க, பக்கத்து மனைக்காரங்க இவங்கதான் நல்ல கஸ்டமர், பக்கத்து மனைக்காரருக்கு நம்ம மனை மேல எப்பவுமே ஒரு கண்ணு இருக்கும். ரோட்டுல ஃப்ளெக்ஸ் வைக்கிறது, மரத்துல ஆணி அடிச்சு போர்டு மாட்டறது ரெண்டும் வேணவே வேணாம். 2019-ல பள்ளிக்கரணையில பேனர் விழுந்து ஸ்கூட்டர்ல போன ஒரு பொண்ணு செத்துப் போச்சு. நாலு போன் வரும்கிறதுக்காக அந்த மாதிரி ஒரு பாவத்தை நாம ஏன் சுமக்கணும், பர்மிஷன் இல்லாம வச்சா சட்டப்படியும் குத்தம்.

இன்னொரு எச்சரிக்கை, இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. உங்க சொந்த மனையை மட்டும் விக்கிறீங்கன்னா பிரச்சனை இல்ல. ஆனா தெரிஞ்ச புரமோட்டரோட லேஅவுட் போட்டோவை எடுத்து கமிஷனுக்காக உங்க ஸ்டேட்டஸ்ல போட்டா அதுவும் விளம்பரம்தான். 500 சதுர மீட்டருக்கு மேல போற புராஜெக்ட் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாம விளம்பரமே பண்ணக் கூடாது, பண்ற விளம்பரத்துல பதிவு நம்பர் இருக்கணும், ஏஜென்ட்டா விக்கிறவரும் ரெராவுல பதிவு பண்ணியிருக்கணும். "ப்ரீ லான்ச் ஆஃபர், ரெரா அப்ளைடு"ன்னு வர்ற ஃபார்வர்டை எல்லாம் நான் அடுத்தவங்களுக்கு தட்டி விடறதே இல்ல, நம்ம பேரை நம்பி காசு கட்டறது நம்ம சொந்தக்காரங்களாத்தான் இருக்கும்.

சரி, அந்த ஒரு மார்க் எங்க போச்சு. மொத குறை, பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு (ஒரே மெசேஜை பல பேருக்கு தனித்தனியா அனுப்பற வசதி) 256 பேர்தான், அதுவும் அவங்க போன்ல உங்க நம்பரை சேவ் பண்ணியிருந்தாத்தான் மெசேஜ் போகும். அதனால இடம் பாக்க வர்ற ஒவ்வொருத்தரையும் "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க சார், மழை போட்டோ அனுப்பறேன்"னு சொல்லி அங்கயே சேவ் பண்ண வச்சுடறேன். ரெண்டாவது குறைதான் பெருசு, உங்களைத் தெரியாத ஒருத்தர் இதுல தேடி உங்களைக் கண்டுபிடிக்கவே மாட்டார். துபாய்ல இருந்து ஒருத்தர் மணிகண்டத்துல மனைன்னு தேடினா கூகுள்லதான் தேடுவார், வாட்ஸ்அப்ல இல்ல. அதுக்கு உங்களுக்கு ஒரு ஆபீஸ் இருந்தா, வீட்டு வாசல்ல போர்டு வச்ச சின்ன ரூமா இருந்தாலும் சரி, கூகுள் பிசினஸ் புரொஃபைல் ஃப்ரீயா போட்டு வைங்க. பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்ல அதே போட்டோவைப் போட்டு கேட்டலாக் லிங்க்கை குடுங்க. காசு குடுத்து வாட்ஸ்அப்புக்கு வர வைக்கிற பேஸ்புக் விளம்பரமும் இருக்கு, ஊரைச் சுத்தி இத்தனை கிலோமீட்டர்னு வட்டம் போட்டு தினம் இவ்வளவுதான்னு லிமிட் வைக்கலாம், ஒரு மனை ரொம்ப நாளா நகராம கிடந்தா மட்டும் நான் அதைத் தொடுவேன்.

மூணாவது, வித்துப் போன மனையை கேட்டலாக்ல இருந்து நீங்கதான் எடுக்கணும். அதை எடுக்காம வச்சிருந்து "அது போயிடுச்சு சார், வேற ஒண்ணு இருக்கு"ன்னு ஆளை வரவழைக்கிறது எங்க தொழில்ல சகஜமா நடக்குது, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. பத்திரம் பதிஞ்ச அன்னிக்கே ஐட்டத்தை ஹைட் பண்ணிட்டு, வாங்கினவங்ககிட்ட கேட்டு அவங்க சம்மதிச்சா மட்டும் மனையில நிக்கிற போட்டோ ஒண்ணு ஸ்டேட்டஸ்ல போடுவேன். அதைப் பாத்து அவங்க தம்பி, ஆபீஸ் ஃப்ரெண்டுன்னு வர்ற விசாரிப்புக்கு எனக்கு பத்து பைசா செலவில்ல.