சக்கரத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் தந்தி வாத்தியமான ஹர்டி-கர்டியை, கையால் செய்ததாக வாங்க முன்பணம் கட்டப் போகிறீர்களா? ஒரு நாள் பொறுத்துக் கட்டுங்கள். பதினான்கு மாதம் காத்திருந்து நான் வாங்கியது இப்போது அலமாரியின் மேல் துணி போர்த்திப் படுத்திருக்கிறது.

எனக்கு அதைச் செய்து கொடுத்தவர் செதுக்கு வேலையில் கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். தந்திகளை முறுக்கும் பிரடைப் பெட்டியின் உச்சியில் ஒரு பெண்ணின் தலை, ஓரமெங்கும் இழைப்பு வேலை. நான் படங்களைப் பார்த்து மயங்கினேன். வாசித்துக் காட்டும்படி கேட்டபோது அவர் அனுப்பிய பதிவில் முரசும் குழலும் சேர்ந்து முழங்கின. அதில் வாத்தியத்தின் குரல் எது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

இந்த வாத்தியத்தில் வில்லின் வேலையை மரச்சக்கரம் செய்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் ரோசின் என்ற பிசின் பூசிய விளிம்பு தந்திகளை ஓயாமல் உரசும். சக்கரம் முடியளவு கோணினாலும் காது கண்டுபிடித்துவிடும். என்னுடையதில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஒலி பெருத்துச் சிறுத்தது, மூச்சு வாங்குகிறவர் பாடுவதுபோல.

எழுதிக் கேட்டேன். சக்கரம் உரசும் இடத்தில் தந்திக்குப் பஞ்சு சுற்ற வேண்டும், அது எனக்குத் தெரியவில்லை என்றார். அடுத்த முறை ரோசின் அதிகம் என்றார். பிறகு கை பழக வேண்டும் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் அந்தக் கதைதானோ என்று மூன்று மாதம் வெட்கப்பட்டுக்கொண்டு பயிற்சி செய்தேன்.

கடைசியில் வாத்தியம் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வாசிக்கவே இல்லை. தந்திகளை விலக்கிவிட்டு, ஓர் அட்டைத் துண்டின் ஓரத்தைச் சக்கரத்தின் அருகில் அசையாமல் பிடித்து, கைப்பிடியை மெல்லச் சுற்றினார். அரைச் சுற்றுக்கு அட்டை சரசரவென உரசியது. அடுத்த அரைச் சுற்றில் சத்தமில்லை. இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது. கூடம் உண்மையிலேயே கோணல்தான்.

ஒரே பலகையில் அறுத்த சக்கரமாம். ஈரப்பதம் மாறும்போது மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கி விரியும், இழை நெடுக அவ்வளவாக அசையாது. வட்டம் முட்டையாக வேறென்ன வேண்டும்? இதற்காகத்தான் பலர் அடுக்குகளாக ஒட்டிய மரத்தில் சக்கரம் கடைகிறார்கள்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். சாவியை அழுத்தினால் அதிலுள்ள சிறு மரத்துண்டு தந்தியைத் தொட்டுச் சுரத்தை மாற்றும். அந்தத் துண்டைச் சற்றே திருப்பித்தான் சுரம் சேர்ப்பது வழக்கம். என்னுடையதில் எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டியிருந்தார். மணிக்கட்டைச் சுண்டும்போது தாளத்துக்கு அதிரும் தளர்ந்த குதிரை, அதாவது தந்தியைத் தாங்கும் கட்டை, ஒன்றும் உண்டு. நாம் குதிரை என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் இந்த வாத்தியத்தில் நாய் என்கிறார்கள். என் நாய் ஒரு சமயம் ஊமையாக இருந்தது, இல்லையென்றால் விடாமல் குரைத்தது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் வெர்சாயில் பாத்தோன் என்ற கைவினைஞர், பழைய கிதார், லூட் என்ற தந்தி வாத்தியங்களின் உடல்களிலேயே இந்த வாத்தியத்தைச் செய்து பெயர் வாங்கினார். உடல் இரவல்தான், ஆனால் வாத்தியம் பேசியது. இதைத் தெரிந்துகொண்டபோது என் பணம் போய்விட்டிருந்தது.

ஆகவே செதுக்கு வேலையைக் கடைசியில் பாருங்கள். ஒரே ஒரு தந்தியை, மிக மெதுவாக, வேறு வாத்தியம் எதுவும் இல்லாமல் வாசித்து அனுப்பச் சொல்லுங்கள். சக்கரம் எந்த மரம், எப்படி ஒட்டியது என்று கேளுங்கள். நல்ல தச்சர் இதற்குச் சலிக்காமல் பதில் சொல்வார். முன்பு வாங்கியவர்களில் இரண்டு மூன்று ஆண்டு வாசித்தவரைத் தேடிப் பேசுங்கள், நேற்று பெட்டியைப் பிரித்தவரை அல்ல. பிற்பாடு சரிசெய்வது யார், அனுப்பும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

அட்டைச் சோதனையைப் பற்றி எழுதிய நாளிலிருந்து அவரிடமிருந்து பதில் இல்லை. அவருடைய விளம்பரத்தில் இன்றும் முதல் படம் என் வாத்தியம்தான். அந்தப் பெண்ணின் இடக்காதோரம் உளி சறுக்கிய சிறு கீறல்கூடத் தெரிகிறது.