புரோகிராமபிள் சிடிஐ பொருத்தி டைமிங் வைத்துத் தருவதாகச் சொல்லும் பட்டறைகளிடம் கவனமாக இருங்கள்: என் ஆர்எக்ஸ் 100க்கு நேர்ந்தது

என் தந்தை 1993ஆம் ஆண்டு வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டி, கோவையிலுள்ள ஒரு டியூனிங் பட்டறையில் இக்னிஷன் வேலை முடித்துத் திரும்பிய பத்தொன்பதாம் நாள், விஜயமங்கலம் சுங்கச்சாவடிக்குச் சற்று முன்பாக நெடுஞ்சாலையிலேயே நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தபோது கால் கனமே இல்லாமல் கீழே போனது. சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) அறவே இல்லை என்பது அந்த ஒரு மிதியிலேயே தெரிந்துவிட்டது. ஈரோட்டுக்கு மினி லாரியில் ஏற்றி வந்து ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பிஸ்டனின் மேல்விளிம்பில் எக்ஸாஸ்ட் பக்கமாக ஒரு சிறுவிரல் நகம் அளவுக்கு அலுமினியம் அரித்து எடுக்கப்பட்டு, மேல் ரிங் வெளியே தெரிந்தது. புகார் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் அந்தப் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை எப்படிப்பட்டது, அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை முழுமையாக எழுதுகிறேன். ஏனெனில் இதே வேலைக்காக இன்னும் பலர் அங்கே வண்டியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டறையில் நான் கொடுத்த தொகை 18,300 ரூபாய். அதில் 11,800 ரூபாய் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட புரோகிராமபிள் சிடிஐ பெட்டிக்கு, அதாவது பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் (டைமிங்) என்பதைத் தீர்மானிக்கும் மின்னணுப் பெட்டிக்கு. மீதி 6,500 ரூபாய், ரசீதில் உள்ளபடியே சொல்வதானால், 'டைனோவில் ஓட்டி டைமிங் மேப் அமைத்தல்' என்ற வேலைக்கு (டைனோ என்பது வண்டியின் பவரை அளக்கும் இயந்திரம்; மேப் என்பது எந்தச் சுற்றில் எத்தனை டிகிரியில் பொறி விழ வேண்டும் என்ற பட்டியல்). பெட்டியில் குறை எதுவுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது இன்றும் என் வண்டியில்தான் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. நான் ஏமாந்தது அந்த இரண்டாவது தொகையில்தான்.

இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எல்லா வேகத்திலும் ஒரே டைமிங் பொருந்தாது. பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு எத்தனை டிகிரி முன்னதாகப் பொறி விழுகிறது என்பதுதான் அட்வான்ஸ். கிக் அடிக்கும்போது அது குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். நிமிடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் சுற்றுகளில், சிலிண்டருக்குள் வரும் புதுக் கலவை குறைவாகவும் எரிதல் மெதுவாகவும் இருப்பதால், பொறி முன்கூட்டியே விழுவது நல்லது. எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர் தன் வேலையைக் காட்டும் உயர் சுற்றில் சிலிண்டர் நன்றாக நிரம்பி எரிதல் வேகமாகிவிடும். அப்போது அட்வான்ஸைக் குறைக்க வேண்டும். அதற்கும் மேலே இன்னும் குறைத்தால் சைலன்சருக்குள் போகும் வாயுவின் வெப்பம் கூடி, எஞ்சின் மேற்கொண்டு சில நூறு சுற்றுகள் தாராளமாக ஓடும். இந்த ஏற்ற இறக்கத்தை நாமே எண்களாக எழுதிக்கொள்ள வழி செய்வதுதான் புரோகிராமபிள் சிடிஐ. உயர் சுற்றில் கூடுதலாக இருக்கும் ஐந்தாறு டிகிரி அட்வான்ஸ் பிஸ்டனைத் தின்றுவிடும். ஆர்எக்ஸ் 100 எஞ்சினின் போரும் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. இதில் 20 டிகிரி அட்வான்ஸ் என்றால் பிஸ்டன் உச்சியைத் தொட ஏறத்தாழ 1.9 மி.மீ. இருக்கும்போது பொறி விழுகிறது. 25 டிகிரி என்றால் ஏறத்தாழ 2.9 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்தானே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வண்டியைப் பட்டறையிலிருந்து திரும்ப வாங்கி வந்த முதல் நாளே அடையாளங்கள் தெரிந்தன. முப்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடத் திருப்பி அடிக்காத கிக்கர், அன்று காலையில் என் பாதத்தின் அடியில் ஓங்கி அறைந்தது. மூன்றாவது கியரில் ஆறாயிரம் சுற்றைத் தாண்டும்போது, தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டுகளை உருட்டுவதுபோல மெல்லிய, வறண்ட ஒரு சத்தம் எஞ்சினிலிருந்து வந்தது. தொலைபேசியில் கேட்டேன். "பவர் ஏறியிருக்குதுங்ணா, அந்தச் சத்தம் வரத்தான் செய்யும், பழகிடுமுங்க" என்றார் உரிமையாளர். மேப்பை நான் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "அது எங்க பட்டறையோட சொத்துங்ணா, பாஸ்வேர்டு யாருக்கும் கொடுக்கறதில்லீங்க" என்றார். அவர் பெரிய பந்தய வண்டிகளுக்கெல்லாம் வேலை செய்பவர் என்று கேள்விப்பட்டிருந்ததால் நம்பினேன். அந்த நம்பிக்கையில் மேலும் இரண்டு வாரம் ஓட்டியதுதான் நான் செய்த தவறு.

பிஸ்டன் போன பிறகு அவர் சொன்ன காரணம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் சேர்ந்தால் கலவை மெலியும், அதனால் கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட வேண்டிவரும் என்பது உண்மைதான். ஆனால் கலவை மெலிந்து சீஸ் ஆன (பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்த) எஞ்சினில் பிஸ்டனின் பக்கவாட்டில், முக்கியமாக எக்ஸாஸ்ட் பக்கம், உரசிய கோடுகள் மேலிருந்து கீழாக இருக்கும். என் பிஸ்டனின் பக்கவாடு பளிங்குபோல வழவழப்பாக இருந்தது. கிராங்க் கேஸில் ஆயில் ஈரம் நன்றாகவே இருந்தது. அரிப்பு முழுவதும் மேல்விளிம்பில். அங்கே அலுமினியம் மணல் வீசி அடித்ததுபோலச் சொரசொரப்பாக இருந்தது. பிளக்கை வெயிலில் பிடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தபோது, வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோலக் கருப்புப் புள்ளிகளும் அவற்றுக்கிடையே மின்னும் வெள்ளித் துகள்களும் ஒட்டியிருந்தன. அந்த வெள்ளித் துகள்கள் என் பிஸ்டனின் அலுமினியம். இவை டெட்டனேஷனின் அடையாளங்கள். அதாவது பொறி மிக முன்னதாக விழுந்து, எரியாமல் மிச்சமிருந்த கலவை விளிம்பில் தானாகவே வெடித்திருக்கிறது.

உண்மையான காரணம் மேக்னெட்டின் (கிராங்கோடு சுழலும் காந்தச் சக்கரம்) மூடியைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. மேக்னெட் சுழலும்போது பெட்டிக்குத் துடிப்பு அனுப்பும் பிக்கப் காயிலைத் தாங்கும் தட்டின் திருகுத் துளைகள் அரத்தால் நீள்வட்டமாக இழைக்கப்பட்டிருந்தன. பழைய அழுக்கேறிய அலுமினியத்தில் அந்த இரண்டு இடங்கள் மட்டும் புதிதாக மின்னின. துளையை நீட்டித் தட்டைத் திருப்பியதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பெட்டிகளால் பிக்கப் துடிப்பு வந்த பிறகு காத்திருந்து பொறி விட முடியுமே தவிர, துடிப்புக்கு முன்னால் விட முடியாது. ஆகவே அட்வான்ஸுக்கு இடம் வேண்டுமானால் பிக்கப்பை முன்னே நகர்த்துவது வழக்கம்தான். ஆனால் நகர்த்திய பிறகு, துடிப்பு உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னால் வருகிறது என்பதை அளந்து, அந்த அடிப்படைக் கோணத்தைப் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். பெட்டி செய்யும் கணக்கு முழுவதும் அந்த ஓர் எண்ணின் மேல்தான் நிற்கிறது.

வரிசை எண்ணையும் ரசீதையும் தயாரிப்பாளருக்கு அனுப்பி, பூட்டைத் திறக்கும் வழியைக் கேட்டு வாங்கினேன். உள்ளே அடிப்படைக் கோணம் 25 டிகிரி என்று இருந்தது. ஈரோட்டில் என் தந்தையின் காலத்திலிருந்தே எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனும் நானும் உட்கார்ந்து அளந்தோம். டயல் கேஜை மட்டும் நம்பினால் உச்சியில் பிஸ்டன் சில டிகிரிகளுக்கு அசையாததுபோலவே நிற்கும், சரியான புள்ளி பிடிபடாது என்று சொல்லி, அவர் பிளக் துளையில் ஒரு பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகினார். மேக்னெட்டை ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றிப் பிஸ்டன் முட்டும் இடத்தைக் குறித்து, மறுபக்கம் சுற்றி அங்கேயும் குறித்து, இரண்டுக்கும் நடுவை டிடிசி, அதாவது பிஸ்டனின் உச்சிப் புள்ளி, என்று கீறினார். பிறகு எஞ்சினுக்குப் புது பிஸ்டன் போட்டு, தட்டைப் பட்டறை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, சுமையில்லாமல் ஸ்டாண்டில் நிறுத்திச் சில விநாடிகள் மட்டும் ஓட்டி, பொறி விழும் கணத்தில் மின்னும் ஸ்ட்ரோப் லைட்டைப் பிடித்தோம். மேப்பில் 22 டிகிரி என்று எழுதியிருந்த சுற்றில் வெளிச்சம் காட்டியது 29 டிகிரி. துடிப்பு உண்மையில் 32 டிகிரியில் வந்துகொண்டிருந்தது. பெட்டி 25 என்று நம்பி மூன்று டிகிரி மட்டும் காத்திருந்து பொறியை விட்டிருக்கிறது.

இதன் பொருள், மேப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஏழு டிகிரி கூடுதல். எட்டாயிரம் சுற்றுக்கு அவர்கள் எழுதியிருந்த எண் 16. அது தவறான எண் அல்ல. ஆனால் பிஸ்டனுக்குக் கிடைத்தது 23. எட்டாயிரம் சுற்றில் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்குள் 48 டிகிரி சுழல்கிறது. ஏழு டிகிரி என்பது அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நேரம்தான். எத்தனை டிகிரி என்று காதாலோ ஓட்டிப் பார்த்தோ அளந்துவிட முடியாத பிழை இது. ஸ்ட்ரோப் லைட்டை ஒருமுறை பிடித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ரசீதில் பணம் வாங்கிக்கொண்டு அந்த ஐந்து நிமிடத்தை அவர்கள் செலவிடவில்லை.

டைனோ விஷயம் இதைவிட வேதனை தந்தது. பணம் கொடுத்த அன்று எனக்கு ஒரு வண்ண வரைபடம் கொடுத்தார்கள். பவர் வளைவு, உச்ச சுற்று, அறை வெப்பநிலை 29.4 எல்லாம் அச்சிட்டிருந்தது. பின்னர் அதே பட்டறையில் ஆர்எக்ஸ் 135 வண்டிக்கு வேலை செய்த ஒரு நண்பரைச் சந்தித்தேன். அவரிடம் இருந்த தாளை என்னுடைய தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் உட்கார்ந்தன. வெப்பநிலையும் அதே 29.4. கொள்ளளவில் முப்பது சிசிக்கு மேல் வேறுபடும் இரண்டு எஞ்சின்கள் ஒரே கோட்டை வரைய வழியே கிடையாது. இரண்டு வண்டிகளில் எதுவும் டைனோவைப் பார்த்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

எனவே இந்த வேலையைக் கொடுக்கப் போகிறவர்கள், அடிப்படைக் கோணத்தை உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரோப் லைட்டில் குறைந்தது இரண்டு சுற்றுகளில் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மேப் கோப்பு உங்கள் கைக்கு வர வேண்டும். செக் குடியரசின் இக்னிடெக், ஸ்லோவேனியாவின் சீல்ட்ரானிக் போன்றவர்களின் பெட்டிகள் வாங்கியவரே எண்களைப் பார்த்து மாற்றிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. உங்கள் பணத்தில் வாங்கிய பெட்டியை உங்களிடமிருந்தே பூட்டி வைப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். டைனோவில் ஏற்றும்போது கூடவே நில்லுங்கள். கிக்கர் திருப்பி அடித்தாலோ, கோலிக்குண்டுச் சத்தம் கேட்டாலோ, அன்றே ஓட்டுவதை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பிஸ்டன், ரீபோர், கிராங்கைப் பிரித்து அலுமினியத் துகள்களைக் கழுவியது எல்லாம் சேர்த்து எனக்கு மேலும் 9,200 ரூபாய் ஆனது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். பட்டறை பதில் சொல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்கும் வேலைக்கும் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பிஸ்டன், பிளக், இழைத்த தட்டு, இரண்டு வரைபடங்கள், பெட்டியிலிருந்து எடுத்த அமைப்பின் படம் ஆகிய எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பழுதான பாகங்களைப் பட்டறைக்காரர் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

ஆர்எக்ஸ் 135 நண்பரின் வண்டியைப் போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் நிறுத்தி அளந்தோம். அவருடைய தட்டும் இழைக்கப்பட்டிருந்தது. அவருடைய பெட்டியிலும் அடிப்படைக் கோணம் அதே 25தான் எழுதியிருந்தது, உண்மையில் இருந்தது 30. அவருடைய பிளக்கில் கருப்புப் புள்ளிகள் வரத் தொடங்கியிருந்தன, வெள்ளித் துகள் இன்னும் இல்லை. எண்ணைத் திருத்தி, ஸ்ட்ரோப் லைட்டில் மறுபடி சரிபார்த்து, புதுப் பிளக் போட்டு அனுப்பினோம். அந்தப் பட்டறையில் தட்டை இழைத்து வண்டியைத் திரும்ப வாங்கியவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், அடுத்த முறை நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் மேக்னெட் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.